அக்கரைக்குப் போனவர்

வலது கன்னத்தை முடித்துவிட்டு ஹெல்கா ரேசரை வெந்நீரில் அலசினாள். கிண்ணத்து நுரையில் வெள்ளை மயிர்த்துகள்கள் மிதந்தன. அப்பாவின் முகத்தில் சதை என்று எதுவும் மிச்சமில்லை. தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தால்தான் பிளேடு ஓடியது.

“இன்னைக்கு ஒரு நாள் விட்டாத்தான் என்னப்பா?”

“விடக் கூடாது.”

“யாரு வந்து பாக்கப் போறாங்க?”

“யாரும் வர வேண்டாம். எனக்கு வேணும்.”

இல்மரி கார்விலா தினமும் சவரம் செய்துகொள்கிற மனிதர். நாடாளுமன்றத்தில் இருந்த காலத்தில், மாலைக் கூட்டம் இருந்தால் இரண்டாவது முறையும் செய்துகொள்வார். காகித ஆலையிலிருந்து வந்தவன் அழுக்காகத்தான் இருப்பான் என்று தலைநகர் ஹெல்சிங்கியில் எவனும் நினைத்துவிடக் கூடாது என்பார். இப்போது சுகாதார நிலையத்தின் கடைசி அறையில் படுத்திருந்தார். சாப்பாடு நின்றுவிட்டது. தண்ணீரைப் பஞ்சில் தொட்டு உதட்டில் வைத்தால் சப்பிக்கொள்வார். சவரம் மட்டும் நிற்கவில்லை.

இடது கன்னத்தில் நுரையைப் பூசிக்கொண்டிருந்தபோது நர்ஸ் கதவுக்குள் தலையை நீட்டினாள்.

“ஹெல்கா, ஒருத்தர் வந்து உக்காந்திருக்கார். உங்க அப்பாவைப் பாக்கணுமாம்.”

“யாருன்னு சொன்னாரா?”

“பேரு கேட்டேன். ‘வயசானவன்னு சொல்லுங்க’ன்னு சொல்றார்.”

ஹெல்கா ரேசரைத் துண்டின் மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள்; அது முழுக்கச் சாத்திக்கொள்ளவில்லை. கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குக் கீழே இருந்த நாற்காலியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ரோமத் தொப்பி. மடியில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பூட்சிலிருந்து உருகிய பனி தரையில் சின்னக் குளமாகியிருந்தது. நிமிர்ந்து பார்க்கும் முன்பே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கௌக்கோ.

சின்ன வயதில் அவள் ‘கௌக்கோ மாமா’ என்று கூப்பிட்ட மனிதர். அவளுடைய அப்பாவும் இவரும் ஒரே வயதில் ஆலைக்குள் போனவர்கள். இருவருக்கும் இரண்டாம் நம்பர் மெஷினில் வேலை, தொழிலாளர் சங்கத்தில் ஒரே பெஞ்சு. சனிக்கிழமை சானா என்கிற நீராவிக் குளியலுக்கு இரண்டு குடும்பமும் ஒரே வீட்டு அடுப்பைத்தான் மூட்டும். மே தினத்தன்று இவர் தோளில் உட்கார்ந்துகொண்டு அவள் ஊரையெல்லாம் பார்த்திருக்கிறாள். அதெல்லாம் அப்பா கட்சி மாறுவதற்கு முன்பு.

அவர் எழுந்து நின்றார். எழுவதற்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது.

“எப்படி இருக்கான்?”

“முடியல.”

“அப்படித்தான் கேள்விப்பட்டேன்.”

தொழிலாளர் மன்றத்தின் மேடையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில், இல்மரி கார்விலாவைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானத்தை வாசித்தவர் இந்த மனிதர்தான். செயலாளர் அவர், வாசித்தார். பதினேழு வயது ஹெல்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை எல்லாம் எடுத்தவள் அவள்தான். அம்மாவால் முடியவில்லை. “கோட்டைத் திருப்பிப் போட்டவன் இருக்கானா?” என்று கேட்பார்கள்; கட்சி மாறியவனுக்கு ஊரில் அந்தப் பெயர். சிலர் கேட்காமல் மூச்சை மட்டும் விடுவார்கள். ஒருநாள் காலையில் வீட்டு வாசல்கதவில் பழைய கோட்டு ஒன்று, உள்துணி வெளியே தெரிய, மாட்டியிருந்தது. யார் அழைத்தாலும், யார் வந்தாலும் “அப்பா இல்லை” என்று சொல்லப் பழகியது அப்போதுதான். பழகிய வாய் அது.

“தூங்கறார்,” என்றாள்.

கௌக்கோ அவளுடைய கையைப் பார்த்தார். விரல்களில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது.

“நான் இருக்கேன். எழுந்திருக்கட்டும்.”

“மருந்து குடுத்திருக்காங்க. எழுந்தாலும் பேச முடியாது. இன்னொரு நாள் வாங்களேன்.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எங்க பக்கத்துல பஸ் கிடையாது.”

“அப்ப திங்கக்கிழமை.”

“திங்கக்கிழமை,” என்று அவர் திருப்பிச் சொன்னார். பொட்டலத்தை நாற்காலியின் மேல் வைத்தார். “இதைக் கொண்டாந்தேன். அவனால சாப்பிட முடியாதுன்னு தெரியும். இருந்தாலும்…” பிறகு கையுறையைத் தேட ஆரம்பித்தார். ஒன்று கோட்டுப் பையில் இருந்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே ஹெல்கா உள்ளே வந்துவிட்டாள்.

“யாரு?” என்றார் அப்பா.

“யாருமில்ல. நர்ஸ்.”

இடது கன்னத்தில் நுரை காய்ந்துவிட்டிருந்தது. அவள் மறுபடி தூரிகையை நனைத்தாள். முதல் இழுப்பு இழுத்ததும் அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“கௌக்கோ குரல் மாதிரி இருந்துச்சு.”

“அவரு எங்க இங்க வரப் போறாரு.”

அவள் ரேசரை அலசினாள்.

“ஆமா,” என்றார். “அவன் எங்க வரப் போறான்.”

சவரத்தை முடித்து, முகத்தைத் துடைத்து, மேலுதட்டின் மடிப்பில் விட்டுப்போன நாலு மயிரைத் தனியாக எடுத்தாள். அவர் தாடையைத் தடவிப் பார்த்துத் தலையசைத்தார். அதன் பிறகு பேசவில்லை. மதியத்துக்கு மேல் மூச்சின் ஓசை மாறியது. டாக்டர் வந்து பார்த்து, அவள் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வெளியே பனி ஒதுக்கும் வண்டி போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே அவள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்த நேரத்தில் அடுத்தது வரவே இல்லை.

நர்ஸ் வந்து ஜன்னலைத் திறந்தாள். “கொஞ்ச நேரம் திறந்து வைப்போம். எங்க வழக்கம்,” என்றாள். குளிர் உள்ளே வந்து போர்வையின் விளிம்பை அசைத்தது.

கிளம்பும்போது பொட்டலம் நாற்காலியிலேயே இருந்தது. ஹெல்கா எடுத்துக்கொண்டாள்.

அப்பாவின் வீடு ஆற்றின் அந்தப் பக்கம், விவசாயிகள் இருக்கிற கரையில். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சமையலறையில் கோட்டுடன் நின்றபடி செய்தித்தாளைப் பிரித்தாள். புகைபோட்ட மீன். தோல் தங்க நிறமாக இருந்தது, சதை முள்ளிலிருந்து தானாகக் கழன்றது. கழுவு தொட்டிக்கு மேலே குனிந்து, விரலாலேயே, முள் மட்டும் மிஞ்சும்வரை முழுதையும் தின்று முடித்தாள். கையைக் கழுவும்போதுதான் அது எந்த ஆற்று மீன் என்று தோன்றியது. கௌக்கோ மீன் பிடிப்பது அணைக்குக் கீழே. ஆலைக்குக் கீழே. குழாயை மூடாமல் வெகுநேரம் நின்றாள்.

அவளுடைய சிறுவயதில் அந்த ஆற்றில் மீன் கிடையாது. ஆலைக்குக் கீழே தண்ணீர் பியர் மாதிரி நுரைத்துக்கொண்டு ஓடும். வெயில் நாளில் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் அடிக்கும். அதைப் பணத்தின் வாசனை என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். இல்மரி சிரித்தவர்தான். பதினைந்து வயதில் ஆலைக்குள் போய், வேலைநிறுத்தக் கூட்டங்களில் பெஞ்சின் மேல் ஏறி நின்று பேசி, முப்பதைத் தாண்டியதும் தொழிலாளர் கட்சியின் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குப் போனவர். அவர் ஜெயித்த அன்று ஆலை வரிசை வீடுகளில் ஒருவரும் தூங்கவில்லை. கௌக்கோ மாமா அக்கார்டியனை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறிவிட்டார். இறக்க ஏணி கொண்டுவர வேண்டியிருந்தது.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. ஆலைகள் கழிவைச் சுத்தம் செய்துதான் ஆற்றில் விட வேண்டும் என்றது. அப்படியானால் இரண்டாம் நம்பர் மெஷினை நிறுத்த வேண்டியிருக்கும் என்றது நிர்வாகம். “ஆத்தைப் பாக்கறதா, வயித்தைப் பாக்கறதா?” என்றது சங்கம். எதிர்த்து வாக்களிக்கச் சொன்னது கட்சி. இல்மரி தன் இருக்கையில் உட்கார்ந்து ஆதரவுப் பொத்தானை அழுத்தினார்.

அதோடு நின்றிருந்தால் ஊர் அவரை மன்னித்திருக்கக்கூடும். கட்சி எச்சரிக்கை கொடுத்தது, அடுத்த தேர்தலில் இடம் கிடையாது என்று பேச்சு அடிபட்டது. ஒரு திங்கட்கிழமை செய்தித்தாளின் முதல் பக்கத்தில், விவசாயிகள் கட்சித் தலைவரோடு கைகுலுக்கியபடி இல்மரி சிரித்துக்கொண்டிருந்தார். அமைச்சர் பதவி தருகிறார்களாம் என்றார்கள், கவர்னர் பதவி என்றார்கள். அப்பா ஆற்றுக்காகப் போனாரா, இடத்துக்காகப் போனாரா என்பது ஹெல்காவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. இரண்டுக்காகவும் இருக்கலாம். அவள் கேட்டதில்லை. அம்மா மட்டும் ஒருமுறை, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “அந்தச் சிரிப்பையாவது அடக்கியிருக்கலாம்.”

ஆலை வரிசை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாலத்தைத் தாண்டிக் குடிபோனார்கள். ‘இல்மரி அக்கரைக்குப் போயிட்டான்’ என்பது ஊரில் பேச்சாகிவிட்டது. அம்மாவைத் தொழிலாளர் பாடகர் குழுவிலிருந்து யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு வியாழக்கிழமை அவள் போனபோது அவளுடைய நாற்காலி மட்டும் போடப்படாமல் இருந்தது. அவ்வளவுதான். அமைச்சர் பதவியும் வரவில்லை. அடுத்த தேர்தலில் ஆலைக்காரர்கள் அவரை விவசாயிகளின் ஆள் என்றார்கள், விவசாயிகள் ஆலைக்காரன் என்றார்கள். தோற்றார். மிச்ச வாழ்நாள் முழுக்கப் பண்ணை பண்ணையாகக் காரில் போய்த் தீக்காப்பீடு விற்றார். விவசாயிகளின் சமையலறைகளில் உட்கார்ந்து அவர்கள் ஊற்றிய காபியைக் குடித்தார். தினமும் சவரம் செய்துகொண்டு.

இரண்டாம் நம்பர் மெஷின் அந்தச் சட்டத்தால் நிற்கவில்லை. வருடக்கணக்காக ஓடியது. பிறகு வேறு காரணங்களுக்காக, வேறு நாட்டு முதலாளிகள், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நிறுத்தினார்கள். அதற்குள் ஆறு தெளிந்து விட்டிருந்தது. நீ சொன்னது சரிதான் என்று இல்மரியிடம் வந்து சொன்னவர் யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வட்டாரச் செய்தித்தாளிலிருந்து ஒரு இளைஞன் பேசினான். இரங்கல் குறிப்பு போட வேண்டும்.

“முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்னு போடறோம். எந்தக் கட்சின்னு போடட்டும்?”

“ரெண்டையும் போடுங்க.”

“இல்ல, மேடம், தலைப்புல இடம் பத்தாது. ஒண்ணுதான் வரும். அவர் தன்னை எதுவா நினைச்சார்?”

ஹெல்கா யோசித்தாள். தொலைபேசிக்குப் பக்கத்தில் அப்பாவின் மூக்குக்கண்ணாடி, கால்களை மடித்துக்கொண்டு கிடந்தது.

“எனக்குத் தெரியாது,” என்றாள். “ஒண்ணும் போடாதீங்க.”

திங்கட்கிழமை கௌக்கோ சுகாதார நிலையத்துக்கு வந்தார் என்று நர்ஸ் அவளிடம் பிற்பாடு சொன்னாள். விஷயத்தைச் சொன்னதும் தொப்பியைக் கழற்றி, அந்த நாற்காலியிலேயே அடுத்த பஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தாராம். காபி வேண்டுமா என்று கேட்டதற்கு, ஒரே ஆளுக்காக எதற்குப் போட வேண்டும் என்றாராம்.

அடக்கம் ஒரு சனிக்கிழமை. குளிர் கடுமையாக இருந்தது. தேவாலயத்தின் மரப்பெஞ்சுகள் வெடிப்பதுபோல் சத்தம் போட்டன. வந்தவர்கள் முதல் நாலு பெஞ்சுகளுக்குள் அடங்கிவிட்டார்கள். அம்மாவின் தங்கை மக்கள் சிலர், அப்பாவோடு காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த இருவர், பக்கத்துப் பண்ணைக்காரர்கள். பெட்டி தூக்க உறவில் ஆள் போதாமல், இரண்டு பேரை ஈமக் காரியம் செய்கிறவரே அனுப்பியிருந்தார். அம்மா முன்பே போய்விட்டிருந்தாள்; ஹெல்கா விவாகரத்தாகித் தனியாக இருப்பவள். முன்வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் கைப்பையை வைத்துக்கொள்ள நிறைய இடம் இருந்தது.

அவர்கள் வழக்கப்படி ஒவ்வொருவராகப் பெட்டிக்கு முன்னால் போய், மலரை வைத்து, அதில் கட்டிய நாடாவில் எழுதியிருப்பதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். முதலில் ஹெல்கா போனாள். ‘அப்பாவுக்கு’ என்று மட்டும் எழுதச் சொல்லியிருந்தாள். அதையும் இரண்டு முறையில்தான் வாசிக்க முடிந்தது. விவசாயிகள் கட்சியின் சார்பில் ஒரு இளம்பெண் மலர்வளையம் கொண்டுவந்தாள். அவளுக்கு இல்மரியை நேரில் தெரியாது. “நெடுங்காலக் கட்சிப் பணிக்கு நன்றியுடன்,” என்று வாசித்துவிட்டு, சரியாகச் செய்தேனா என்பதுபோல் ஹெல்காவைப் பார்த்தாள். பாவம், நல்ல பெண். ஹெல்கா தலையசைத்தாள். தொழிலாளர் சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. வருவார்கள் என்று அவளும் நினைக்கவில்லை. ஆனாலும் பாதிரியார் ஒரு கணம் நிறுத்தி, இன்னும் யாராவது உண்டா என்று பெஞ்சுகளைப் பார்த்தபோது அவளும் திரும்பிப் பார்த்தாள்.

தூணுக்குப் பின்னாலிருந்து கௌக்கோ எழுந்தார். பெஞ்சுகளுக்கு நடுவே அவர் நடந்து வர வெகுநேரம் ஆனது. வளையம் இல்லை. நாடா இல்லை. கடையில் சுற்றிக் கொடுத்த பாலிதீன் தாளோடு ஒரு கொத்து வெள்ளைப் பூ. பெட்டிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தாளைப் பிரிக்க வேண்டும் என்று நினைவு வந்தது. பிரித்தார். அது அந்த நிசப்தத்தில் கரகரவென்று சத்தம் போட்டது. தாளை மடித்து மடித்துப் பைக்குள் திணித்துவிட்டுப் பூவை வைத்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். வாசிக்க ஒன்றுமில்லை. நிமிர்ந்து, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஷிப்டு தொடங்கும்போது மேஸ்திரியிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

“கௌக்கோ வைனியோ. ரெண்டாம் நம்பர் மெஷின்.”

குனிந்து வணங்கிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

மண் போட்டு முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. மெதுவாக வெந்த இறைச்சி, உருளைக்கிழங்கு, கம்பு ரொட்டி, காபி. கௌக்கோ கதவை ஒட்டிய மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஹெல்கா காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தாள். அவர் இறைச்சியை ரொம்பச் சிறிதாக வெட்டிக்கொண்டிருந்தார்.

“பஸ்லயா வந்தீங்க?”

“ஆமா.”

“மீன் நல்லா இருந்துச்சு.”

கத்தி நின்றது. “நீ சாப்பிட்டியா?”

“நான்தான் சாப்பிட்டேன். முழுசையும்.”

“உப்பு?”

“சரியா இருந்துச்சு.”

“அவன் எப்பவும் உப்பு பத்தலைம்பான்,” என்றார். மறுபடி வெட்ட ஆரம்பித்தார்.

எல்லோரும் கிளம்பி, பெண்கள் தட்டுகளை அடுக்கத் தொடங்கியபோது அவருடைய பஸ் போயிருந்தது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று அவர் இரண்டு முறை சொன்னார், மூன்றாவது முறை சொல்லவில்லை. காரில் அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். பாலத்தைக் கடக்கும்போது கீழே ஆறு உறையாமல், ஆவி விட்டுக்கொண்டு, கறுப்பாக ஓடியது. ஆலையின் புகைபோக்கிகளில் புகை இல்லை. வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தியது அவருடையது. அடுத்தது ஒரு காலத்தில் அவர்களுடையது. இப்போது அதில் யாரோ மஞ்சள் திரை போட்டிருந்தார்கள்.

ஹெல்கா எஞ்சினை நிறுத்தினாள். அவர் இறங்கவில்லை.

“அன்னைக்கு,” என்று ஆரம்பித்தாள். “அன்னைக்கு நீங்க வந்தப்ப…”

“தெரியும்.”

“இல்ல, அப்பா…”

“எனக்குக் காது நல்லா கேக்கும், பொண்ணு. மில்லுல இருந்தவனுக்கெல்லாம் காது செவிடுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. நான் மட்டும் பஞ்சு வச்சுக்குவேன். உங்க அப்பன் கிண்டல் பண்ணுவான்.” அவர் தொப்பியின் ரோமத்தை ஒரு பக்கமாகத் தடவினார். “கையுறை தேடிட்டு நின்னேன். யாருன்னு கேட்டான். நீ நர்ஸுன்னே. அப்புறம் அவன் என் பேரைச் சொன்னான்.”

ஹெல்கா சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

“கதவு திறந்துதான் இருந்துச்சு,” என்றார் கௌக்கோ. “நாலு எட்டு வச்சா உள்ள. ‘டேய், நான்தான்டா’ன்னு சொல்லியிருக்கலாம். யாரு தடுத்திருப்பா? நீயா? உன்னைத் தோள்ல தூக்கினவன் நான். சொல்லல. கையுறை கிடைச்சதும் போட்டுக்கிட்டு வந்துட்டேன். நல்ல ஆளுங்க நாம ரெண்டு பேரும்.”

“நீங்க சண்டை போட வந்திருக்கீங்கன்னு நினைச்சேன், மாமா.”

அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“சண்டை போடத்தான் வந்தேன்,” என்றார். “கொஞ்சம். ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். எத்தனையோ தடவை கேட்டிருக்கலாம். கடையில பாப்பேன். காலி பாட்டிலைப் போட்டுக் காசு வாங்கற மெஷின்கிட்ட நிப்பான், பின்னாடி நான் நிப்பேன். தலையை ஆட்டுவான். நானும் ஆட்டுவேன். வீட்டுக்கு வந்து என் பொண்டாட்டிகிட்ட, இல்மரி இளைச்சுட்டான்னு சொல்லுவேன். அவ, போய்ப் பேசித் தொலையேன்ம்பா. அவளும் போய்ச் சேந்துட்டா.”

“என்ன கேக்கணும்னு வந்தீங்க?”

ஆற்றின் ஆவி முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் படிந்து உறையத் தொடங்கியிருந்தது. வெளியே வீடுகள் மங்கின.

“அவன் ஓட்டு போட்டதுக்கு எனக்குக் கோபம் இல்ல. இருந்துச்சு, போயிருச்சு. அக்கரைக்குப் போனதுக்குக்கூட இல்ல. நான் அதைப் பேப்பர்ல பாத்தேன், ஹெல்கா. காலை ஷிப்டு. மெஷின் பக்கத்துல நிக்கறேன், ஒரு பய கொண்டாந்து மூஞ்சிக்கு நேரா பிடிக்கறான். உன் சிநேகிதனைப் பாருடாங்கறான். அதுக்கு முந்தின சனிக்கிழமை அவன் என்கூட சானாவுல உக்காந்திருந்தான். முதுகு தேச்சுவிட்டேன். ஆத்துத் தண்ணியைப் பத்திப் பேசினோம், ஹாக்கியைப் பத்திப் பேசினோம். ஒரு வார்த்தை சொல்லல. அப்பவே கையெழுத்துப் போட்டிருக்கான்.” அவர் குரல் உயரவில்லை. “ஏன் சொல்லலைன்னு கேக்கணும். அவ்வளவுதான். என்னைக் கூப்பிட்டிருந்தா நான் போயிருக்க மாட்டேன். நிச்சயமா போயிருக்க மாட்டேன். கெட்ட வார்த்தையில திட்டியிருப்பேன். ஆனா கூப்பிட்டிருக்கணும்ல?”

ஹெல்கா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா இதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் பதில் ஒன்று அவளிடம் தயாராக இருந்தது. இப்போதுதான் உண்டானது, ஆனால் எப்போதும் இருந்ததுபோலத் தோன்றியது. சொன்னால் இந்த மனிதர் இன்றிரவு தூங்குவார்.

“அப்பா உங்களைப் பத்தித்தான் யோசிச்சிருப்பார், மாமா. உங்களுக்கு மில்லுல வேலை, நாலு குழந்தைங்க. உங்ககிட்ட சொன்னா நீங்களும் மாட்டிக்குவீங்கன்னு…”

கௌக்கோ கையை உயர்த்தினார். பெரிய கை. இரண்டு விரல் நுனிகள் மெஷினுக்குப் போயிருந்தன.

“வேணாம்.”

“இல்ல மாமா, உண்மையிலேயே…”

“நீ நல்லவிதமாத்தான் சொல்லுவே. அதனாலதான் வேணாங்கறேன்.”

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, பிறகு இன்னொன்றை வைத்தார். குளிர் உள்ளே பாய்ந்தது. கதவைச் சாத்தினார். அவள் சாவியைத் திருப்பினாள். துடைப்பான்கள் பனியின் மேல் வெறுமனே உரசின, ஒன்றும் தெரியவில்லை. பனிச் சுரண்டியை எங்கே வைத்தோம் என்று இருக்கைக்கு அடியில் துழாவினாள்.

கண்ணாடியில் ஏதோ கீறும் சத்தம் கேட்டது. கௌக்கோ வீட்டுக்குள் போயிருக்கவில்லை. அடக்கத்துக்குப் போட்டு வந்த கறுப்புக் கோட்டுடன், பஸ் அட்டையின் விளிம்பால், அவளுக்கு நேரே இருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முதலில் அவருடைய கை தெரிந்தது, பிறகு தாடை, பிறகு முகம். அவர் அவளைப் பார்க்கவில்லை. வேலையைப் பார்த்தார். ஓட்டுகிறவர் பக்கம் போதும் என்று அவள் உள்ளிருந்து சைகை காட்டினாள். அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், யாரும் உட்காராத அடுத்த பக்கத்தையும் சுரண்ட ஆரம்பித்தார்.